ஒருமனதாக நிறைவேறியது

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. உன் அம்மாவும் நானும் இங்கு நலம் என்று தொடங்குவதுதான் முறை. உடம்பைப் பொறுத்தவரை அது பொய்யுமல்ல. அம்மாவின் முழங்கால் வலி கூடவுமில்லை குறையவுமில்லை, என் இரத்த அழுத்தம் மாத்திரைக்குக் கட்டுப்பட்டு நடக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் உடல்நலத்தோடு இருக்க வேண்டும், வேலையில் அலைச்சல் குறைய வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். அங்கு குளிர் தொடங்கிவிட்டதாகச் சொன்னாய். ஈரத்தலையோடு வெளியே போகும் பழக்கத்தை இனியாவது விடு. சென்ற வாரம் தொலைபேசியில் நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அத்தைக்காக ஒரு வார்த்தை பேசாம எழுந்து வெளிய போயிட்டீங்களாமே அப்பா, நிஜமா?" என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள் அழுதாய், பிறகு இணைப்பைத் துண்டித்துவிட்டாய். அதை உன்னிடம் சொன்னது எதிர்வீட்டுப் பல் டாக்டரின் மகளாகத்தான் இருக்கும். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதுதான் கொடுமை. நான் எழுந்தேன்; வெளியே போனேன். ஆனால் நடந்தது அதுவல்ல. பேசினால் நீ நடுவில் அழுவாய், எனக்கும் சொற்கள் வரிசை தவறும் என்பதால் எழுதுகிறேன். பொறுமையாக முழுவதையும் படி.

உன் அத்தை, உன் மாமா போன நாள் முதல், அந்தப் பல் டாக்டர் வீட்டுப் பின்கட்டில் வாடகைக்கு இருந்தது உனக்குத் தெரியும். தெருமுனையிலிருக்கும் சங்கத்தின் குழந்தைகள் காப்பகத்தைக் காலையில் திறப்பதும் மாலையில் பூட்டுவதும் அவள்தான் என்பதும் தெரியும். இந்த ஆண்டுத் தொடக்கத்தில் டாக்டர் அவளிடம் வந்து, பின்கட்டை இடித்து மருத்துவமனையைப் பெரிதாக்கப் போவதாகச் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னாராம். "அவசரமே இல்லக்கா, நல்ல இடமா பார்த்துக்கிட்டு நிதானமா காலி பண்ணுங்க" என்றாராம். நல்ல இடம் பார்ப்பதற்கு இந்தப் புறநகரில் என்ன மிச்சமிருக்கிறது? ஆயா வேலை பார்க்கிறவளின் சம்பளத்துக்கு இங்கே சமையலறை கிடைக்கும், அறை கிடைக்காது. அறை கிடைத்தால் கதவு கிடைக்காது. நானும் அவளும் ஞாயிறுதோறும் நடந்து நடந்து பார்த்தோம். ஓரிடத்தில் மாடிப்படிக்கு அடியில் தட்டி வைத்து அடைத்துவிட்டு, தனிவீடு என்றார்கள். தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரையிடுவது என் தொழில். தட்டுக்கு அடியில் மெழுகை ஒட்டி விற்கும் கடைக்காரனைக்கூட நான் இவ்வளவு வெறுத்ததில்லை. அந்த நிலையில்தான் நகராட்சி, தெருக்கோடியில் பாழாய்க் கிடக்கும் குப்பை லாரிக் கொட்டகையை இடித்துவிட்டுச் சிறு வீடுகள் கட்டப் போவதாக அறிவித்தது. இங்கேயே வேலை பார்த்துக்கொண்டு இங்கேயே வாடகைக்கு இருப்பவர்களுக்கு முன்னுரிமை, வாடகையளவுக்கே தவணை. அறிவிப்பை உன் அத்தைக்கு நான் வாசித்துக் காட்டினேன். மறுநாள் காலை காப்பகத்துக்குப் போகும் வழியில் அந்தக் கொட்டகை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன பார்க்கிறாய் என்று கேட்டேன். "சமையல்கட்டுக்கு வெளிச்சம் எந்தப் பக்கம் வரும்னு பார்த்தேண்ணா" என்றாள்.

நம் தெருவுக்கு அந்த அறிவிப்பு இடி விழுந்தது போல ஆயிற்று. அதுவரை கொட்டகையின் நாற்றத்தைப் பற்றி மனுக் கொடுத்தவர்கள், இப்போது கொட்டகை இருந்தால் தேவலை என்றார்கள். மலிவு விலை வீடு என்ற தொடரில் வீடு என்பது யார் காதிலும் விழவில்லை, மலிவு மட்டும் விழுந்தது. தண்ணீர் போதாது, சாக்கடை தாங்காது, வண்டி நிறுத்த இடமிருக்காது, நம் வீடுகளின் மதிப்பு இறங்கிவிடும் என்று வரிசையாகச் சொன்னார்கள். முதல் மூன்றும் கடைசியைப் போர்த்துவதற்கான துணி. பல் டாக்டர் என்னை வாசலில் நிறுத்தி, "உங்க தங்கச்சி மாதிரி நல்லவங்களா வந்தா நமக்கென்ன சார்? யார் யாரோ வருவாங்களே" என்றார். அந்த நல்லவளைத்தானே நீங்கள் காலி செய்யச் சொல்லியிருக்கிறீர்கள் என்றேன். "அது வேற விஷயம் சார், அதையும் இதையும் போட்டுக் குழப்பாதீங்க" என்றார். இதில் ஒரு விதி உண்டு, அதை நீ தெரிந்துகொண்டால்தான் மற்றது விளங்கும். குடியிருப்போர் சங்கம் ஒருமனதாக எதிர்த்தால், நகர்மன்றம் திட்டத்தை அப்படியே கைவிடலாம். ஒரே ஒரு வீடாவது மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்திருந்தால், பொது விசாரணை வைத்து, வாடகைக்கு இருப்பவர்களையும் அழைத்துக் கேட்ட பிறகே முடிவெடுக்க முடியும். அதாவது என் ஒரு குரல் போதும். எதிர்ப்புத் தீர்மானத்துக்காகச் சங்கம் கூட்டிய கூட்டத்தில் எழுந்து நின்று அதைச் சொல்வதென்று முடிவு செய்திருந்தேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தை உன் அம்மாவிடம் இரண்டு முறை சொல்லியும் காட்டியிருந்தேன்.

நம் சங்கத்தில் எதையும் ஒருமனதாகத்தான் நிறைவேற்றுவார்கள் என்று நீ சிறுமியாக இருக்கும்போதே கேலி செய்வாய். அது எப்படி நடக்கிறது என்று உனக்குச் சொன்னதில்லை. உடன்படாதவர் சண்டை போடுவதில்லை. தீர்மானம் வாசிக்கும் நேரத்தில் எழுந்து வெளியே போய் நின்றுகொள்வார்; உள்ளே இருப்பவர்கள் கை தூக்குவார்கள்; பிறகு அவர் உள்ளே வந்து உட்காருவார். இதற்குக் காற்று வாங்குவது என்று பெயர். அண்டை வீட்டாரின் முகத்தை நாளைக்கும் பார்க்க வேண்டுமே என்பதற்காக யாரோ தொடங்கிவைத்த பண்பான வழக்கம். மழைநீர்க் குழாய் விவகாரத்தில் நானும் ஒருமுறை காற்று வாங்கியிருக்கிறேன். அந்த வழக்கம் விதிப்புத்தகத்தில் இல்லை. ஆனால் விதிப்புத்தகத்தில் உள்ளவற்றைவிட ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

கூட்டம் வழக்கம்போல் ஞாயிறு காலை காப்பகத்தில். குழந்தைகளின் நாற்காலிகளைத் தவிர வேறு இருக்கை அங்கே கிடையாது. முழங்கால் மோவாயில் இடிக்க, ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் குந்தியிருந்தார்கள். சாவி உன் அத்தையிடம் இருப்பதால் அவள்தான் வந்து திறந்தாள், நாற்காலிகளைப் போட்டாள், பின்சுவர் ஓரமாக நின்றுகொண்டாள். தலைவர், அதுதான் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், தொண்டையைச் செருமியதுமே பல் டாக்டர் கையை உயர்த்தி, உறுப்பினர் அல்லாதவர் உள்ளே இருக்கிறார் என்றார். வீட்டுக்காரர்தான் உறுப்பினர், குடியிருப்பவர் அல்லர், விதி அதுதான். ஆனால் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் இருக்கலாம் என்ற துணைவிதியும் உண்டு, அதை நான் எடுத்துச் சொன்னேன். "அதான் நான் ஆட்சேபிக்கிறேனே" என்றார் டாக்டர். உன் அத்தை, "இருக்கட்டும்ணா, நான் வெளிய இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். வாசலில் நிழல் கிடையாது. இடுப்பில் கை வைத்து, கேட்டைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றாள். அன்று அவளுக்கு முதல்நாள் இரவிலிருந்தே தலைச்சுற்றல் இருந்தது. வரவு செலவு வாசித்து, சென்ற கூட்டத்தின் குறிப்பு வாசித்து, அதன் பிறகுதான் தீர்மானத்துக்கு வருவார்கள், அரை மணியாவது ஆகும் என்பது எனக்குத் தெரியும். ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்துச் சுவரின் நிழலில் போட்டு, அவளை உட்கார வைத்து, குழாயிலிருந்து ஒரு குவளை தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். அவ்வளவுதான், மகளே. திரும்பி வாசற்படியில் கால் வைத்தபோது உள்ளே கைதட்டல் கேட்டது.

"வாங்க ரூல்ஸ் சார், காத்து நல்லா இருந்துச்சா?" என்றார் தலைவர். எல்லாரும் சிரித்தார்கள். தீர்மானத்தை முதலில் எடுத்துக்கொண்டார்களாம். நேரமாகிறது என்று யாரோ சொன்னார்களாம். நான் காற்று வாங்கப் போகவில்லை, நாற்காலி கொடுக்கப் போனேன், என் எதிர்ப்பைப் பதிவு செய்யுங்கள் என்றேன். "நாற்காலியோட போனா என்ன, நாற்காலி இல்லாம போனா என்ன, காத்து ஒண்ணுதானே சார்?" என்றார் அவர். மறுபடியும் சிரிப்பு. இது நியாயமில்லை என்றேன். "வழக்கம்னா எல்லாருக்கும் வழக்கம்தான். குழாய் விஷயத்துல நீங்க வெளிய போனப்ப நாங்க திரும்பக் கூப்பிட்டு ஓட்டுப் போடச் சொன்னமா?" என்றார். என்னோடு சீட்டாடுகிறவர்கள், உன் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர்கள், அந்தச் சின்ன நாற்காலிகளில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார்களே ஒழிய ஒருவரும் வாய் திறக்கவில்லை. தங்கை வெயிலில் நின்றால் நான் உட்கார்ந்திருக்க மாட்டேன் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். ஆகவே இது முன்கூட்டியே யோசித்துச் செய்ததா என்று நீ கேட்பாய். நிரூபிக்க முடியாததை நான் எழுதுவதில்லை. ஆனால் அந்தச் சங்கம் அவ்வளவு சுருக்காக எந்த வேலையையும் செய்து நான் பார்த்ததில்லை என்று மட்டும் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். உன் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரில் நின்றாள். "உட்கார நாற்காலி குடுக்கப் போயி, இருக்க வீட்டைத் தொலைச்சிட்டு வந்திருக்கீங்க" என்றாள். அதற்குமேல் யாரும் என்னைத் திட்டிவிட முடியாது. நீ சிரமப்பட வேண்டாம். மறுநாளே விடுப்பு எடுத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். வீட்டுவசதிப் பிரிவில் இருக்கும் பெண் அதிகாரி நல்லவர், முழுவதையும் கேட்டார். "எனக்குப் புரியுது சார். ஆனா உங்க கடிதம் தனிநபர் மனு, அவங்களுது சங்கத் தீர்மானம். அதுல ஒருமனதானு இருக்கே" என்றார். என் கடிதத்துக்கு ஆதரவாக வேறு யாராவது ஓர் உறுப்பினர் நடந்ததை எழுதிக் கொடுத்தால் மறுபடி கூட்டம் கூட்டச் சொல்லலாம் என்றார். வீடு வீடாகப் போனேன். ஒருவர் குளித்துக்கொண்டிருந்தார், இன்னொருவருக்குத் திடீரென்று காது கேட்கவில்லை. என்னோடு சீட்டாடுகிறவர்களில் ஒருவர் மட்டும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, "நீ சொல்றது சரிதான்பா. ஆனா நாளைக்கு என் வீட்டை விக்கணும்னா இவங்கதானே சுத்தி இருக்காங்க" என்றார். அவரை நான் மதிக்கிறேன், பொய் சொல்லவில்லை. நகர்மன்றக் கூட்டத்தன்று பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தேன். தீர்மானத்தை வாசித்தார்கள், மக்களின் ஒன்றுபட்ட விருப்பத்துக்கு மதிப்பளிப்பதாக எங்கள் வார்டு உறுப்பினர் பேசினார், திட்டம் கைவிடப்பட்டது. நான் எழுந்து நின்றேன். பார்வையாளருக்குப் பேச அனுமதியில்லை என்றார்கள். அதுவும் விதிதான். அந்த இடத்தில் இப்போது நடைப்பயிற்சித் தடம் போடப் போகிறார்களாம். வீடில்லாதவனுக்குத் தனியாகத் தடம் எதற்கு? அவன் நடந்துகொண்டேதான் இருக்கிறான்.

உன் அறை மாடியில் சும்மாதானே கிடக்கிறது, வந்துவிடு என்று உன் அத்தையை நானும் அம்மாவும் எவ்வளவோ கேட்டோம். உன் சம்மதத்தைக் கேட்காமல் உன் அறையைக் கொடுக்க முன்வந்ததற்கு நீ கோபிக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அவள்தான் ஒப்பவில்லை. "உன் வீட்டுல நான் வந்தவளாத்தான் இருப்பேண்ணா. அண்ணி ஒண்ணும் சொல்லமாட்டாங்க, அதான் எனக்குக் கஷ்டம். நானா பூட்டி நானா திறக்கிற மாதிரி ஒரு கதவு இருந்தாப் போதும் எனக்கு" என்றாள். இரண்டு பேருந்து மாறிப் போகும் தூரத்தில் அப்படி ஒரு கதவு கிடைத்தது. ஒற்றை அறை, தண்ணீர் கீழிருந்து தூக்க வேண்டும். சாமான்களை ஏற்றிய அன்று பல் டாக்டர் வாசல்வரை வந்து வழியனுப்பினார், "அடிக்கடி வந்து போங்கக்கா" என்றார். காப்பக வேலையை அவள் விடவில்லை, விட்டால் சாப்பாடு ஏது? முதல் பேருந்தைப் பிடித்து வந்தாலும் முன்போல விடியற்காலையில் திறக்க முடிவதில்லை. ஆகவே இந்தத் தெருவின் மருமகள்களும் மகன்களும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்று கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். டாக்டரின் பேரன்தான் அதிகமாக அழுகிறானாம். நேற்று முன்தினம் தலைவர் என்னைத் தேடி வந்தார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு முதல் முறையாக. "நீங்க ஒரு வார்த்தை சொன்னா தங்கச்சி கேப்பாங்க சார், கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்லுங்க" என்றார். தகவலைச் சேர்ப்பது என் கடமை என்று, நேற்று மாலை போய் அவளிடம் அப்படியே சொன்னேன். பிரிக்காத மூட்டையின் மேல் உட்கார்ந்து காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். "காப்பகம் இனிமே ஒம்பது மணிக்குத்தான் திறக்கும்னு சொல்லிடுண்ணா. யாருக்காவது எதிர்ப்பு இருந்தா வெளிய போய்க் காத்து வாங்கச் சொல்லு. இங்க நான் ஒருத்திதான் இருக்கேன், ஒருமனதா முடிவு பண்ணியாச்சு" என்றாள். அப்படியே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், ஒரு சொல் மாற்றாமல்.

நடந்தது இவ்வளவு. இதைப் படித்த பிறகும் உன் அப்பா எழுந்து வெளியே போனார் என்றே உனக்குத் தோன்றினால், அதை நான் மறுக்கப் போவதில்லை, போனேன்தான். உனக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் இருவரின் ஆசியும் எப்போதும் உண்டு. உங்கள் இருவருக்கும் என்றும் குறையில்லாத நிழல் அமையட்டும். உங்கள் ஊரிலும் அடுக்ககக் கூட்டங்கள் நடக்கும் என்று சொல்லியிருக்கிறாய். போனால் முடியும்வரை உட்கார்ந்திரு. ஞாயிற்றுக்கிழமை அத்தையைத் தொலைபேசியில் கூப்பிட மறக்காதே. வீடு வசதியா என்று கேட்காதே, வசதி என்றுதான் சொல்வாள். சமையல்கட்டில் வெளிச்சம் எந்தப் பக்கம் வருகிறது என்றும் கேட்டுவிடாதே. அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது.

இப்படிக்கு,
உன் நலமே நாடும்
அப்பா