போட்டு வாறார்

யாகப்பர் துணை

குருநகர்,
16.02.2025

அன்பின் அத்தானுக்கு நிரோஜினி எழுதிக்கொள்வது. எனக்கும் பிள்ளைக்கும் ஒரு குறையும் இல்லை. நீங்களும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டே தொடங்குகிறேன். வாட்ஸப் இருக்கக் கடிதம் என்னத்துக்கு என்று சிரிப்பீர்கள். போனில் கேட்டால் "பிறகு பாப்பம்" என்றுவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவீர்கள். கிறிஸ்ரினா அக்கா புதன்கிழமை உங்கள் டோகாவுக்குத் திரும்புகிறார், அவரிடம் கொடுத்துவிடுகிறேன். கடிதத்திலிருந்து தப்ப ஏலாது.

முதலில் வாசிகசாலைப் புதினம், நல்ல செய்திதான். எங்கள் நூலகக் கணினிக்குத் தரவுத்தளம் தெரிவுசெய்து முடித்துவிட்டோம்! நீங்கள் சொன்னதை அல்ல. கோபிக்காமல் காரணத்தைக் கேளுங்கள்.

முதலில் கொழும்பிலிருந்து மென்பொருள் விற்க ஒருவர் வந்தார். பார்க்க நல்ல வடிவு. ஆனால் உறுப்பினர் பட்டியலில் "உள்ளார்", "விலகினார்" என்று இரண்டே இரண்டு வகைதான். எங்கள் அட்டைகளில் மூன்றாவது ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியும்தானே. வெளிநாடு போனவருக்கு நாங்கள் "விலகினார்" என்று எழுதுவதில்லை, போய்விட்டுத் திரும்பி வருவார் என்ற கருத்தில் "போட்டு வாறார்" என்றுதான் எழுதுவோம். வீட்டுப் படலையைக் கடக்கும்போதே "போறன்" என்று சொல்லாத சனம், அட்டையில் எழுதுமா? நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகளில் தொண்ணூற்றேழு பேர் அப்படி. அதையும் சேர்த்துத் தாருங்கள் என்று கேட்டேன். கொம்பனிதான் மாற்ற வேண்டும், ஆறு மாதம் செல்லும் என்றார் அந்த ஆள். எங்கள் தலைவர் அடைக்கலநாதன் அண்ணை எழும்பி, "அப்ப நீங்கள் போட்டு வாங்கோ தம்பி" என்று அனுப்பிவைத்தார்.

பிறகுதான் நீங்கள் சொன்ன திறந்தமூல வழிக்கு வந்தோம். மானிப்பாயில் கணினி படிப்பிக்கும் றஜிதா சனிக்கிழமைகளில் பஸ் ஏறி வந்து உதவினார். நூலக மென்பொருள் இலவசம். அதற்கு அடியில் விபரங்களை வைக்க இரண்டு தரவுத்தளங்களில் ஒன்றை எடுக்கலாம், அவையும் இலவசம். ஒன்றின் சின்னம் ஓங்கில் மீன், அதுதான் டொல்பின், மற்றதின் சின்னம் யானை. பெயர்கள் வாயில் நுழையாததால் குழுவில் எல்லோரும் ஓங்கில், யானை என்றே கதைத்தார்கள். கடற்றொழில் செய்யும் சனத்திடம் கேட்டால் எதைச் சொல்லும்? "யானைக்குக் குருநகரிலை என்ன அலுவல்" என்று யாகப்பு அண்ணை கேட்டார். நீங்களும் ஓங்கில்தான் என்றீர்கள். சரி என்று அதில் ஏற்றினோம்.

அங்கேதான் வந்தது வினை. "திரும்பி வரும் திகதி" என்று ஒரு கட்டம் வைத்திருந்தோம். போனவர் கையில் எங்கள் புத்தகம் இருந்தால், அவர் வரும் நாள்தான் அதற்குத் தவணை. எவருடைய அட்டையிலும் அந்தத் திகதி இல்லை. அவசரத்தில் சரிபார்ப்பை நிறுத்திவிட்டு ஏற்றியதில், வெறுமையாக இருந்த இடமெல்லாம் பூச்சியமாகிவிட்டது. பூச்சியம் நாள், பூச்சியம் மாதம், பூச்சியம் ஆண்டு. ஓங்கிலில் பிழை இல்லை, பிழை எங்களுடையதுதான். அது தெரியாமல் நான் குழுக்கூட்டத்தில் பிந்திய புத்தகங்களின் பட்டியலைப் பெருமையாக உரத்து வாசிக்கிறேன். முதலாவது பெயர் உங்களுடையது, கனிசியஸ், எஞ்சின் திருத்தும் புத்தகம், இரண்டாயிரத்து இருபத்தைந்து ஆண்டுகள் பிந்தியிருக்கிறதாம்! "பிள்ளை, உன்ரை மனுசன் யேசு பிறந்த கையோடை புத்தகம் எடுத்திட்டான் போல" என்றார் அடைக்கலநாதன் அண்ணை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மீன் வெட்டும்போது, உங்கள் பெயருக்கு நேரே கிடந்த அந்தப் பூச்சியங்களை நினைத்து அழுதேன் அத்தான். உங்களிடம் ஒளிப்பானேன்.

அடுத்த சனி யானையைப் பார்த்தோம். அதே பட்டியலைக் கொடுத்தால், பூச்சியத் திகதியை ஏற்கவே மாட்டேன் என்று நின்றது. உலகத்தில் அப்படி ஒரு நாள் கிடையாதாம். வெறுமையாக விட்டால் மட்டும் ஏற்றுக்கொண்டது. "வெறுமையெண்டால் இல்லையெண்டு இல்லை அக்கா, இன்னும் தெரியாது எண்டுதான் அர்த்தம்" என்று றஜிதா விளங்கப்படுத்தினார். ஓங்கிலிலும் நாங்கள் நிறுத்திய சரிபார்ப்பைத் திரும்பப் போடலாம் என்றார். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை, யானையின் பிடிவாதம் பிடித்துவிட்டது. "போட்டு வாறார்" என்பதையும் அவரே சேர்த்துவிட்டார், பத்து நிமிடம் செல்லவில்லை, எவரிடமும் கேட்கவும் இல்லை. வாக்கெடுப்பில் யானைக்கு ஏழு, ஓங்கிலுக்கு நான்கு. யாகப்பு அண்ணை இரண்டு நாள் முகத்தை நீட்டிக்கொண்டு திரிந்தார். இப்போது பிரான்சில் இருக்கும் மகனின் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, "என்ரை பெடியன்ரை பேரும் கிடக்கு" என்று கரையெல்லாம் சொல்லித் திரிகிறார்.

பிள்ளைக்கு வைகாசி முதல் ஞாயிறு முதல்நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகிறாள். வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்தாயிற்று. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் கோயிலுக்குள் போவாளாம். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, சத்தியமாக.

உங்கள் ஒப்பந்தம் பங்குனியோடு முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் நிற்கக் கேட்கிறார்கள் என்றீர்கள். நான் போனில் "உங்கடை விருப்பம்" என்றேன். அது பொய். நீங்கள் வரவேண்டும், அதுதான் என் விருப்பம். மற்றத் தொண்ணூற்றாறு பேரை நான் கேட்க ஏலாது, உங்களைக் கேட்கலாம். இந்தத் தாளின் பின்பக்கத்தில் ஒரு திகதி எழுதி, படம் பிடித்து அனுப்புங்கள். முதல்நன்மைக்கு முந்தின நாள் என்றால் சந்தோசம். பிந்தினாலும் பொறுத்துக்கொள்வேன். பூச்சியம் மட்டும் வேண்டாம். யானையும் ஏற்காது, நானும் ஏற்கமாட்டேன்.

மாதா உங்களைப் பத்திரமாக விமானம் ஏற்றிவிடட்டும்.

உங்கள்
நிரோஜினி