அளவுக்கு நின்றவர்

பிப்ரவரி 3

அன்பு மகளுக்கு,

போனில் கூப்பிட்டால் நீயும் "ம்" என்கிறாய், நானும் "ம்" என்கிறேன். ரெண்டு ஊமைகளுக்கு எதற்குப் போன்? அதனால்தான் கடிதம்.

அப்பா போய் ஒரு மாதமாகிறது. நீ வந்தாய், நாலு நாள் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தாய், கிளம்பிவிட்டாய். "பொண்ணு அழவே இல்லையே" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "அவ படிக்கிறதே கல்லைப் பத்திதான்" என்று சொல்லி வாயை அடைத்தேன்.

அவருடைய தையல் அறையை ஒழித்துக் கழுவினேன். மெஷினுக்கு அடியில் நீ வைத்துவிட்டுப் போன கற்களையும் விடவில்லை. அப்பப்பா, என்ன அழுக்கு! போதாக்குறைக்கு அவர் சாக்பீஸில் கிறுக்கல் வேறு. சோப்புப் போட்டுத் தேய்த்துக் காயவைத்துவிட்டேன். அனுப்பட்டுமா?

சுவரில் மாட்ட அவர் படம் ஒன்றுகூட இல்லை. உன்னோடு பாறை பார்க்க வந்தபோது நிறைய எடுத்தாயே, முகம் தெளிவாக இருப்பதாக ஒன்று அனுப்பு. வேளைக்குச் சாப்பிடு.

அம்மா

பிப்ரவரி 12

அன்புள்ள அம்மாவுக்கு,

அந்தக் கிறுக்கல்தான் அம்மா, என் ஆராய்ச்சி. பாறையிலிருந்து கல்லை உடைத்தெடுக்கும் முன் எது மேல்பக்கம், எது வடக்கு என்று அம்புக்குறி போடுவோம். அந்த மணலைக் கொண்டுவந்து போட்ட ஆறு எந்தப் பக்கம் ஓடியது என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும். ஆறு வற்றிப் பல கோடி வருஷமாகிறது. அன்று என் மார்க்கர் காய்ந்துபோயிருந்தது. அப்பாதான் சட்டைப் பையிலிருந்து தையல் சாக்பீஸை எடுத்து நீட்டினார். "இந்தா மண்ணாங்கட்டி, இதுல போடு" என்றார், எப்போதும் என்னைக் கூப்பிடுகிற மாதிரியே.

உன்மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எதுவுமே வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருக்கிறேன். கடித்தாலும் தெரியாது.

மே மாதம் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நாலு வருஷ உழைப்பும் போச்சு. உடைக்கும் முன் எடுத்த போட்டோக்களோடு ஒவ்வொரு கல்லையும் பொருத்திப் பார்க்கச் சொல்கிறார் கைடு. அனுப்பு.

எல்லாப் படத்திலும் அப்பா இருக்கிறார். ஒன்றிலும் முகம் இல்லை. பாறை எவ்வளவு பெரிது என்று தெரிய, அளவுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். அவர் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துச் சிரிப்பார். "என்னைப் பாக்காதீங்கப்பா, பாறையைப் பாருங்க" என்று ஒவ்வொரு தடவையும் நான்தான் சொன்னேன்.

மகள்

பிப்ரவரி 20

அன்பு மகளுக்கு,

நல்லது செய்கிறேன் என்று உன் தலையில் மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறேன். நீ திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஒவ்வொரு கல்லையும் அவர் வெட்டி மிச்சம் வைத்த துணியில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். முதுகுப் படமே அனுப்பு, பரவாயில்லை. மெஷின் முன்னால் குனிந்த அந்த முதுகுதான் முகத்தைவிட எனக்குப் பழக்கம்.

அம்மா

ஏப்ரல் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

பெரும்பாலான கற்களுக்கு மேல்பக்கம் கிடைத்துவிட்டது. ஆறு கிழக்கே ஓடியிருக்கிறது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான்.

படத்துக்குக் கீழே, நிற்பவரின் உயரத்தைப் போடச் சொல்கிறார் கைடு. அது இல்லாவிட்டால் படம் செல்லாதாம். நாள் முழுக்கப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியவில்லை அம்மா. அப்பாவின் உயரம் எவ்வளவு?

மகள்

ஏப்ரல் 16

அன்பு மகளுக்கு,

எனக்கும் தெரியாது. ஊர்ப்பட்டவர்களை அளந்த மனுஷன், அவரை யார் அளந்தார்கள்?

ஆனால் நேராக நின்றால் என் நெற்றி அவர் காலரில் முட்டும். எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, அவர் இன்ச் டேப்பால் தரையிலிருந்து என் நெற்றிவரை அளக்கச் சொன்னேன். ஐம்பத்தாறு. காலருக்கு மேலே உள்ளது என் கைக்குத் தெரியும். மாதாமாதம் டை அடித்துவிட்ட தலைதானே. காற்றில் இரண்டு கையையும் அந்த அளவுக்கு வைத்துக்கொண்டேன், அவள் டேப்பைப் பிடித்தாள். பத்து.

ஆக ஐந்தடி ஆறு அங்குலம். ஷூ போட்டிருந்தால் நீயே கூட்டிக்கொள். கையைக் கீழே இறக்கத்தான் மனசே வரவில்லை. அவள் டேப்பைச் சுருட்டிவிட்டுப் போன பிறகும் அப்படியே நின்றிருந்தேன்.

அம்மா

ஏப்ரல் 24

அன்புள்ள அம்மாவுக்கு,

"அளவுக்கு நிற்பவர்: அப்பா, 168 செ.மீ." என்று போட்டேன். "'அப்பா'வை எடுத்துடும்மா, ஆள்னு போட்டாப் போதும்" என்றார் கைடு. சரி என்று தலையாட்டிவிட்டு அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

உன் கடிதத்தைப் பஸ்ஸில்தான் பிரித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் கைக்குட்டையைக் கொடுத்தார். அதைத் திருப்பிக் கொடுக்கவும் மறந்துவிட்டேன்.

சனிக்கிழமை வருகிறேன். டேப்பை எங்கேயும் வைத்துவிடாதே. உன் உயரமும் எனக்குத் தெரியாது.

மண்ணாங்கட்டி