நீ மொழிபெயர்த்த திங்கட்கிழமை

ஹம், ஜேர்மனி,
21.09.2025

அன்பு மகள் மிதுசாவுக்கு,

அம்பாள் புண்ணியத்தில் நாங்கள் இங்கே சுகம், என் முழங்கால் மட்டும் படியேறும்போது முணுமுணுக்கிறது. நீயும் அந்தச் சான் அன்ரோனியோ வெயிலில் அலையாமல் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு இதை எழுதத் தொடங்குகிறேன். கையில் தொலைபேசி இருக்க அப்பா ஏன் தாளும் பேனையும் எடுத்தார் என்று யோசிப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதைக் கேட்டுவிட்டு நான் ஹீட்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லித் தொலைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நிலவறைக்கு இறங்கிவிட்டேன். செப்டெம்பர் மாதத்தில் என்ன ஹீட்டர் என்று அம்மா பிறகு கேட்டார். நீ முப்பது வருடம் மனத்தில் வைத்திருந்ததை அன்றைக்குத்தான் சொன்னாய். அங்குள்ள மெக்சிக்கோத் தாய்மாருக்குத் தடுப்பூசி பற்றித் தொலைபேசியில் அனுப்பும் செய்திகளில் உன் தம்பியின் கதையை உன் குரலிலேயே சொல்லும்படி உன்னுடைய வேலையிடத்தில் கேட்கிறார்கள், நீ மாட்டேன் என்று சொல்லிவிட்டாய். தம்பியின்ர காதைக் கெடுத்தது நான்தான் அப்பா, எந்த வாயால மற்றப் பிள்ளையளின்ர தாய்மாருக்குப் புத்தி சொல்லுறது என்று நீ அழுதாய். அதற்குப் பதில் என்னிடம் இருக்கிறது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

முதலில் வீட்டுப் புதினத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா கோபிப்பார். தம்பி நிசாந்தின் மகள், என் பேத்தி சாரங்காவுக்குப் பதினொரு மாதம் முடிந்து, வியாழக்கிழமை தட்டம்மைக்கான சின்னமுத்து ஊசி போட்டாயிற்று. உன் மச்சாள் சுபானியின் தொலைபேசிக்கு இரண்டு கிழமைக்கு முன்பே நினைவூட்டல் வந்துவிட்டது, முதல் நாளும் ஒன்று வந்தது. அதற்கிடையில் அம்மாவுக்கு யாரோ ஒரு குரல் பதிவை அனுப்பிவிட்டார்கள். பேசியவன் யாரென்று அனுப்பியவருக்கும் தெரியாது, அவருக்கு அனுப்பியவருக்கும் தெரியாது, ஆனால் இந்த ஊசி போட்டால் பிள்ளை பேசாது என்று மட்டும் அவன் அடித்துச் சொல்கிறான். அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு நீ குடும்பக் குழுவில் போட்டிருந்த அந்த ஸ்பானிஷ் தடுப்பூசிக் காணொளியை எடுத்துப் பார்த்தார், ஒரு சொல் விளங்காமலே பத்துத் தரம் பார்த்தார். அதில் வரும் தாய், பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கும் விதம் எங்கட ஆக்களைப் போலவே இருக்குது, அவள் பயப்பிடேல்லை எண்டால் நான் ஏன் பயப்பிட வேணும் என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய்ச் சோறு போட்டுச் சாப்பிட்டார். உன் வேலை அங்கே எத்தனை பேருக்கு உதவுகிறதோ எனக்குத் தெரியாது, இங்கே உன் அம்மா புஸ்பவதி என்ற ஒரு பிடிவாதக்காரியை அது அசைத்துவிட்டது. பேத்திக்கு ஒரு நாள் இலேசாகக் காய்ச்சல் காய்ந்தது. இப்போது என் கண்ணாடியைப் பறித்துக் கடித்துக்கொண்டிருக்கிறாள்.

இந்தக் கிழமை முழுவதும் எனக்கு உன் சின்ன வயது ஞாபகம்தான். நான் பெர்லின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது எனக்குத் தெரிந்த டொச் மொழி, நன்றி என்பதும் அகதி என்பதும் மட்டுந்தான். நீ பள்ளிக்கூடம் போய் ஒரு வருடத்துக்குள் இந்த வீட்டின் வாயாகிவிட்டாய். ஒன்பது வயதில் புத்தகப்பையைக்கூடக் கழற்றாமல் குசினி மேசையில் இருந்து தபாலையெல்லாம் பிரித்து வாசித்து, அப்பா இதுக்குக் கையெழுத்து வையுங்கோ, இதை எறியுங்கோ என்று பெரிய அதிகாரி மாதிரிச் சொல்லுவாய். வீட்டுக்காரனோடு நீதான் பேசுவாய், வெளிநாட்டவர் அலுவலகத்தில் அன்ராக் என்ற விண்ணப்பத்தை நிரப்பும்போதும் நீதான் பேசுவாய். கீழ்வீட்டு அன்னப்பிள்ளை அக்கா தன்னுடைய பெண் வருத்தத்தைக்கூட உன்னைக் கூட்டிக்கொண்டு போய்த்தான் மருத்துவரிடம் சொன்னா, அன்றைக்கு நீ வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்ட கேள்விகளுக்கு அம்மா இன்றுவரை பதில் சொல்லவில்லை. எனக்கு அதெல்லாம் பெருமையாக இருந்தது. வேலைத்தலத்தில் எல்லாரிடமும் என் மகளைப் பற்றிச் சொல்லித் திரிந்தேன். ஒரு சின்னப் பிள்ளையின் தலையில் எவ்வளவு சுமையை ஏற்றியிருக்கிறேன் என்று நான் அப்போது யோசித்ததே இல்லை. அந்த நாட்கள் திரும்பி வராதா என்று இப்போதும் ஏங்குகிறேன், ஏங்கிக்கொண்டே வெட்கப்படுகிறேன்.

இனி அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, மாசி மாதம், நல்ல பனி. நிசாந்துக்கு ஒன்றரை வயது. நான் கம்பித் தொழிற்சாலையில் பின்னேர வேலை, இரண்டு மணிக்கு அங்கே நிற்க வேண்டும், அம்மா துப்புரவு வேலைக்குப் போயிருந்தார். இலேசான தடிமனோடு இருந்த அவனைச் சின்னமுத்து ஊசிக்கு நானும் நீயுமாக மருத்துவரிடம் கொண்டுபோனோம். முந்தைய ஊசியின்போது அவனுடைய காலைப் பிடித்துக்கொள் என்று மருத்துவர் உன்னிடம் சொல்ல, தம்பி மூச்சு நின்று நீலம் பாரிக்க அழுதான், நீ அதற்குப் பிறகு இரண்டு நாள் அவனுடைய தொட்டிலை விட்டு அசையவில்லை. இந்த முறை தடிமன் பெரிதில்லை, இன்றைக்கே போடலாம் என்று மருத்துவர் சொன்னார். நீ என்னைப் பார்த்து, தடிமன் மாறினாப்பிறகு வரட்டாம் அப்பா என்றாய். அவரைப் பார்த்து, அப்பாவுக்கு இன்றைக்கு விருப்பமில்லையாம் என்றாய். மருத்துவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

மகள், நீ போன ஞாயிறு சொன்ன கதை இந்த இடத்தில் முடிந்துவிட்டது, அப்பா பாவம், ஒண்டும் விளங்காமல் என்னை நம்பித் தலையாட்டினார் என்று சொன்னாய். எனக்கு விளங்கியது. இன்றைக்கு என்ற சொல்லை என் மேற்பார்வையாளன் ஒரு நாளைக்கு ஐம்பது தரம் சொல்லுவான், இன்றைக்கு இவ்வளவு கம்பி, இன்றைக்கு இந்த இயந்திரம் என்று. மருத்துவர் இன்றைக்கு என்று சொன்னதும் எனக்குக் கேட்டது, விருப்பம் என்று நீ சொன்னதும் கேட்டது. நீ பொய் சொல்கிறாய் என்று அந்த நிமிடமே எனக்குத் தெரியும். உன் கை தம்பியின் சப்பாத்தை இறுக்கிப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். எனக்கு இரக்கம் வந்தது உண்மை, ஆனால் இரக்கம் மட்டுமில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வேலைக்குப் போக ஏலாது, முறைப்பாடு வரும். என் உடைந்த டொச்சில் அந்த மனிதருக்கு முன்னால் என் மகள் பொய் சொல்கிறாள் என்று சொல்லவும் மானம் விடவில்லை. உன் பொய் எனக்கு வசதியாக இருந்தது, அதனால் தலையை ஆட்டினேன்.

அதோடு முடிந்திருந்தால்கூட இந்தக் கடிதம் இவ்வளவு பாரமாக இராது. அந்த மருத்துவரிடமிருந்து பிறகு மூன்று தபாலட்டைகள் வந்தன, பங்குனியில் ஒன்று, சித்திரையில் இரண்டு. ஊசியின் படம் போட்டிருந்தபடியால் என்னவென்று விளங்கிவிட்டது. இந்த வீட்டுக்கு வந்த தபால்களில் உன்னிடம் வாசிக்கத் தராமல் நான் மறைத்தது அவை மட்டுந்தான். உன்னிடம் தந்தால் உன் பொய்யை நீயே உன் வாயால் வாசிக்க வேண்டிவரும், பிள்ளை மாட்டிக்கொள்ளும், முகம் வாடிவிடும் என்று நினைத்தேன். நானே ஒரு நாள் தனியாகத் தம்பியைத் தூக்கிக்கொண்டு போவேன் என்றும் நினைத்தேன். நினைத்ததோடு சரி. அட்டைகளை வேலைத்தல அலுமாரிக்குள் வைத்தேன், தினமும் உடுப்பு மாற்றும்போது அவை கண்ணில் படும், நாளைக்கு நாளைக்கு என்று கதவைச் சாத்திவிடுவேன்.

வைகாசியில் அவனுக்குச் சின்னமுத்து போட்டது உனக்குத் தெரியும். அம்மாள் வந்திருக்கிறா என்று அம்மா வேப்பிலை தேட, இந்த ஊரில் வேப்பிலைக்கு எங்கே போவது, அன்னப்பிள்ளை அக்கா பின்வளவில் நின்ற பெயர் தெரியாத மரத்தில் ஒரு கொப்பை முறித்துக்கொண்டு வந்து வாசலில் கட்டினா. பிறகு காதில் சீழ் வடிந்தது, ஆசுபத்திரி, இடது காது போய்விட்டது. நீ அந்த நாட்களில் வாயே திறக்கவில்லை. பிள்ளை தம்பிக்காகக் கவலைப்படுகிறது என்று அம்மா நினைத்தார். எனக்குத் தெரியும், ஏனென்று தெரியும், உன்னைக் கூப்பிட்டு மடியில் வைத்து இது உன் பிழை இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் என் பிழையையும் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்து முப்பது வருடம் உன்னைத் தனியாக விட்டுவிட்டேன். என்னை மன்னித்துக்கொள் என்று கேட்கவும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன்.

வியாழக்கிழமை பேத்திக்கு ஊசி போட மருத்துவர் நேரம் குறித்துத் தந்த ரெர்மினுக்கு நிசாந்தோடு நானும் போனேன். காத்திருக்கும் அறையில் வைத்து அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், உன்னுடைய பங்கையும் என்னுடைய பங்கையும். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பிள்ளையின் காலுறையைச் சரிப்படுத்திக்கொண்டிருந்தான். பிறகு, அதுதானோ அக்கா எப்பவும் என்ர வலப்பக்கமே நடக்கிறவ, நான் அவவுக்கு அது ஒரு பழக்கம் எண்டெல்லோ நினைச்சன் என்றான். கோபமில்லையா என்று கேட்டேன். உங்களில கொஞ்சம் இருக்குது அப்பா, அது மாறும், அக்காவில என்னத்துக்கு, ஒன்பது வயசுப் பிள்ளையை ஆர் டொக்டரோட கதைக்க விட்டது என்றான். அவன் சொன்னது சரி. உள்ளே போனதும் மருத்துவர் சொன்ன ஒவ்வொன்றையும் தானே கேட்டுத் தானே பதில் சொன்னான், யாரும் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை. எனக்குக் கண் கலங்கியது.

நீ ஸ்பானிஷ் படிக்கப் போகிறேன் என்றபோது, தமிழும் டொச்சும் ஆங்கிலமும் போதாதா, வாய்க்கு ஓய்வு வேண்டாமா என்று பகிடி பண்ணியவன் நான். இப்போது விளங்குகிறது. அங்கேயும் பிள்ளைகள்தான் தாய்மாருக்கு மருத்துவர் சொல்வதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றாய், அதனால்தான் தாயின் மொழியிலேயே தாயின் கைக்கே செய்தி போக வேண்டும் என்று நிற்கிறேன் என்றாய். அந்தச் செய்தியைச் சொல்ல உன்னைவிடத் தகுதியான குரல் எது? ஆகையால் மறுக்காதே, உன் குரலிலேயே சொல். ஆனால் கதையைத் திருத்திச் சொல். ஒரு பிள்ளை பொய் சொன்னது என்று தொடங்காதே. ஒரு தகப்பனுக்கு எல்லாம் விளங்கியது, விளங்கியும் தலையை ஆட்டினான் என்று தொடங்கு. என் பெயரைச் சொல்லலாமா என்று உன் வேலையிடத்தில் கேட்டால், அப்பா கையெழுத்து வைத்துத் தந்திருக்கிறார் என்று இந்தத் தாளைக் காட்டு.

தம்பிக்கு இந்தக் கிழமைக்குள் தொலைபேசி எடு, மறந்துவிடாதே, அவனும் உன் அழைப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அம்மா மிளகாய்த்தூள் வறுத்துக் கட்டி வைத்திருக்கிறார், அடுத்த கிழமை அனுப்புகிறோம். நோய்நொடி இல்லாமல், மனப்பாரம் இல்லாமல், நீ நீடூழி வாழ அம்பாள் துணையிருக்கட்டும்.

எல்லாம் விளங்கியிருந்தும் பேசாமலிருந்த
உன் அப்பா,
சின்னத்தம்பி தபோதரன்