தம்பியின் முறைத் தண்ணீர்

அன்புள்ள தம்பிக்கு,

இன்று காலை நம் இருவருக்கும் பொதுவான கிணற்றை எட்டிப் பார்த்தவன் திகைத்து உட்கார்ந்துவிட்டேன். சித்திரையில் பாறை தெரியும் கிணற்றில் பாதிக்கு மேல் தண்ணீர் நிற்கிறது.

உன் நிலத்தில் சோலார் பேனல் கழுவும் தனம் சிரித்தாள். "உங்க தம்பி நெலத்த சோலாருக்கு வுட்டதுல இருந்து அவர் மோட்டாரு ஓடலியே சார். அவர் முறை தண்ணியும் உங்களுக்குத்தான். மல்லாட்ட போடுங்க."

ஓர் இளநீரில் இருவர் குழல் போட்டதுபோல் ஒரே கிணற்றை உறிஞ்சினோம். நீ உன் குழலை எடுத்துவிட்டாய். இவ்வளவு எளிய கணக்கு எனக்குத் தோன்றவேயில்லை.

சோலார் வந்தால் ஊரே காய்ந்துபோகும் என்று நான் சொன்ன நாளிலிருந்து நீ இந்தப் பக்கம் வரவில்லை.

பயிரையே விட்டுவிட இருந்தேன். நாளை தனம் சொன்னபடியே வேர்க்கடலை விதைக்கிறேன். உன் முறைத் தண்ணீரில் விளைவது உன் பங்கு. அதை அனுப்பமாட்டேன். நீதான் வந்து பிடுங்க வேண்டும்.

உன் அண்ணன்