இல்லாத இருபத்தொன்பதாம் தேதி

என் மதினிக்கு,

கோவிச்சுக்கிறாதீக. நீங்கள் எழுதியதில் கை வைத்துவிட்டேன்.

போவதற்கு முன் நீங்கள் பைத்தானில் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்துவிட்டீர்களே, எக்செல் கோப்பு எழுதும் அந்த நிரல் லைப்ரரி, அதைத்தான் ரஸ்ட் என்கிற இன்னொரு கணினி மொழிக்கு மாற்றுகிறேன். காரைக்குடி வீட்டில், உங்கள் மேசையில். அண்ணன் எட்டிப் பார்த்து, "அவ எழுதுனத அப்படியே எழுதிரு. ஒன் மேதாவித்தனத்தக் காட்டாத" என்றார். கேட்டேனா?

தேதி எழுதும் இடத்தில், ஐம்பத்தொன்பதாம் நாளைத் தாண்டினால் ஒன்று கூட்டு என்று ஒரு வரி. பக்கத்தில் உங்கள் குறிப்பு: "தப்புத்தான். இருக்கட்டும்." குழம்பில் உப்புக் கூடினாலும் இதையே சொல்லிச் சிரிக்கிற ஆள்தானே நீங்கள்! அந்தச் சோம்பல்தான் என்று நினைத்து வரியைத் தூக்கிவிட்டேன். சரிபார்க்கும் சோதனைகளையும் என் கணக்குக்கு ஏற்ற மாதிரி நானே எழுதினேன். எல்லாம் சரி என்று பச்சை காட்டியது.

தேவகோட்டையில் ஒரு டயாலிசிஸ் மையம், நோயாளிகள் வரவேண்டிய நாள் பட்டியலை, வெளியிடும் முன்பே சோதனைக்காக இதில் எடுத்துப் பார்த்தது. அங்கே வேலை பார்க்கும் பெண் போன் செய்தாள்.

"அக்கா, திங்கக்கிழமை வரவேண்டிய பெரியவரு ஞாயித்துக்கிழமையே வந்து, பூட்டுன கதவுக்கு முன்னாடி நின்னுட்டுப் போயிருக்காக. தாளுல அப்படித்தான் இருக்கு. மறுநாள் நாங்களே கூப்பிட்டு விட்டோம். என்னக்கா பண்ணி வச்சிருக்கீக?"

முந்தியதால் பிழைத்தோம். ஒரு நாள் பிந்தியிருந்தால்?

பிறகுதான் தேடிப் படித்தேன். எக்செல், ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஜனவரி ஒன்றிலிருந்து எத்தனையாவது நாள் என்று எண்ணித்தான் தேதி போடுகிறது. அந்த வருஷ பிப்ரவரிக்கு இருபத்தெட்டு நாள்தான், ஐம்பத்தொன்பதாம் நாளோடு முடிந்துவிடும். பழைய மென்பொருள்கள் இருபத்தொன்பது என்று எண்ணிவிட்டன. உலகத்து எக்செல் தாள்கள் எல்லாம் இன்றுவரை அந்தத் தப்போடுதான் எண்ணுகின்றன. நாம் மட்டும் சரியாக எண்ணினால் நம் தேதிகள் ஒரு நாள் முந்திவிடும். இதை ஒரு வார்த்தை எழுதி வைத்திருக்கக்கூடாதா மதினி?

வரியைத் திரும்பப் போடுமுன் ஒரு தேதி கொடுத்துப் பார்த்தேன். வேறெந்தத் தேதி கைக்கு வரும்? நீங்கள் கண்ணை மூடிய தேதிதான். தாளில் முந்தின நாள் வந்தது. அன்றைக்கு நீங்கள் பணியாரத்துக்கு மாவு கரைத்துக்கொண்டே போனில் என்னைத் திட்டினீர்கள். கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வரியைப் போட்டேன். ஒரு நாள் நகர்ந்தது. அழுதுவிட்டேன்.

இன்னும் நான்கு இடத்தில் "தப்புத்தான். இருக்கட்டும்" என்று இருக்கிறது. ஒன்றுக்கும் காரணம் தெரியவில்லை. ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் எந்தப் பெரியவர் எந்தக் கதவுக்கு முன்னால் நிற்கிறாரோ! வெள்ளிக்கிழமை வெளியிடுவதாகச் சொல்லியிருக்கிறேன். பயமாக இருக்கிறது மதினி. யாரைக் கேட்பேன்?

வெள்ளிக்கிழமை போனால் போகட்டும். காரணம் தெரியாமல் இனி ஒரு வரியையும் தொடமாட்டேன். தெரிந்ததும் பக்கத்திலேயே எழுதிவைப்பேன், எனக்குப் பிறகு வருகிறவள் பயப்படாமல் இருக்க. அதுவரை உங்கள் நாலு தப்பும் அப்படியே இருக்கட்டும்.

உங்கள் நாத்தனார்,
செல்வி