பிற கலப்பு, குறிப்பிடவும்

அம்மா,

பள்ளிச் சான்றிதழைத் தேடி உன் தகரப் பெட்டியைத் திறந்தேன். கிடைத்தது வேறு. ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்கள், ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தாய். தொட்டதும் ரப்பர் பொடிந்துவிட்டது. எல்லாவற்றையும் தரையில் வரிசையாக அடுக்கினேன். பாலர் வகுப்பிலிருந்து டிப்ளமோ முதல் வருஷம் வரை பதினான்கு முகங்கள். பதினான்கிலும் மொட்டை.

மாதாவுக்கு நேர்ந்துகொண்டதாகச் சொல்வாய். குழந்தையில் எனக்குச் சளி நெஞ்சில் கட்டிக்கொண்டதாம். பிழைத்தால் முடி கொடுப்பதாக வேண்டிக்கொண்டாயாம். வேளாங்கண்ணி போய்வர லீவு கிடைக்காது என்று இங்கே மும்பையிலேயே சலூனில் மழித்து, புதன்கிழமை மாஹிம் மாதா கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போவாய். நம் சந்தில் மற்ற பையன்களுக்கு ஒரு தடவையோடு முடிந்தது. எனக்கு ஜூனில் பள்ளி திறக்கும் முன் ஒன்று, கிறிஸ்துமசுக்கு முன் ஒன்று, போட்டோ ஒட்ட வேண்டிய பாரம் எது வந்தாலும் ஒன்று. மாதாவுக்கு ஏன் இத்தனை அவசரம் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. முட்டாள்.

சான்றிதழ் தேடியது ஒரு வேலைக்காக. இங்கிலாந்துக் கம்பெனி. சர்வர் அறைகளைக் குளிரூட்டும் வேலை, மூன்று வருஷமாக நான் செய்வதுதான். விண்ணப்பம் முழுக்க ஆன்லைனில். படிப்பு, அனுபவம், எந்தெந்த மெஷினில் கை வைத்திருக்கிறேன், எல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்தது. கடைசிப் பக்கத்தில் 'உங்கள் இனம்' என்று ஒரு கேள்வி, கீழே பட்டியல். ஆசியர், இந்தியர். கறுப்பர், ஆப்பிரிக்கர். அதன் பிறகு கலப்பு வகைகள். வெள்ளையரும் ஆசியரும். வெள்ளையரும் ஆப்பிரிக்கரும். வெள்ளையரும் கரீபியரும். அவர்கள் கணக்கில் கலப்பு என்றால் ஒரு பாதி வெள்ளையாக இருந்தே ஆக வேண்டும். நீயும் அப்பாவும் கல்யாணம் செய்துகொண்டது அந்தப் பட்டியலில் நடக்கவே இல்லை. எங்களைப் போன்றவர்களுக்குக் கடைசியில் 'பிற கலப்பு, குறிப்பிடவும்' என்று ஒரு வெற்றுக் கட்டம்.

அதற்கும் கீழே 'சொல்ல விரும்பவில்லை.' அது உன்னுடையது அம்மா. வாழ்நாள் முழுக்க நீ டிக் செய்தது அதைத்தான்.

குறிப்பிட எனக்கு என்ன தெரியும்? அப்பா கென்யாக்காரர். கம்ப்யூட்டர் படிக்க வந்தவர். நீ ஆயா வேலை பார்த்த மாட்டுங்கா நர்சிங் ஹோமில் கால் முறிந்து கிடந்தவர். எனக்கு இரண்டு வயதாகும்போது சயான் பக்கத்தில் தண்டவாளத்தைக் கடக்கையில் ரயிலில் அடிபட்டுச் செத்தவர். பெயர் ஜோசப். அது உனக்கு வசதியாகப் போயிற்று. தாராவியில் நம் சந்திலேயே நாலு ஜோசப். எல்லாப் பாரத்திலும் தகப்பன் பெயர் ஜோசப் என்று எழுதி, பின்னால் இருந்த பெயரை வெட்டிவிட்டாய். கல்யாணக் காகிதம் எங்கே என்றால் வெள்ளம் வந்த வருஷம் போச்சு என்றாய். எந்தக் கோயிலில் கல்யாணம் என்றால், "இப்ப எதுக்குல அது?" என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாய்.

டிப்ளமோ முடித்து முலுண்டில் ஒரு ஏசி சர்வீஸ் கம்பெனிக்குப் போனேனே, நினைவிருக்கிறதா? நான் முடி வளர்க்க ஆரம்பித்திருந்த சமயம். வாசலிலேயே செக்யூரிட்டி பாஸ்போர்ட் கேட்டான். ஆதாரைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான். உள்ளே மேனேஜர் எந்த ஊர் என்று இந்தியில் ஆரம்பித்தார்.

"ஒரிஜினலி கஹாங் ஸே?"

"தாராவி."

"நஹீ, நஹீ. ஒரிஜினலி?"

"தாராவிதான் சார்" என்றேன் தமிழில்.

ஆள் நாற்காலியில் நிமிர்ந்துவிட்டார். "அட, தமிழ் பேசறேளே! எங்க கத்துண்டேள்?"

"எங்கம்மாகிட்ட. நீங்க?"

அதற்கு அவர் சிரிக்கவில்லை. டெஸ்டில் நான்தான் முதல் மார்க். அதையும் அவரே சொன்னார். அப்புறம், "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, கஸ்டமர் ஆத்துக்கெல்லாம் போற வேலை, கதவத் தொறக்கற லேடீஸ் பயப்படுவா" என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னால் நீ கேட்டதென்ன? "முடிய ஒட்ட வெட்டிட்டுப் போயிருக்கலாம்லா?"

அந்த ஆள் சொன்னது அன்றைக்கே தீர்ந்துவிட்டது. நீ சொன்னது இன்னும் தீரவில்லை. அன்று நான் கத்தியதில் சந்தே வாசலுக்கு வந்தது. அப்பாவோட ஆட்கள் யாரு, கென்யாவில் எந்த ஊரு, எந்த இனம், என்ன பாஷை, இப்பவே சொல்லு என்றேன்.

"செத்தவுக சாதியக் கேட்டு என்னல செய்யப் போற, சர்டிபிகேட் வாங்கவா?"

"வாங்குவேன். ஒனக்கென்ன?"

"நேரம் வரும், சொல்லுதேன்."

நேரம் வந்தது. நர்சிங் ஹோம் படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், அவ்வளவுதான். எட்டு மாதம் ஆகிறது. உனக்குத் தெரிந்ததெல்லாம் உன்னோடு சிவ்ரி கல்லறைக்குப் போய்விட்டது. அப்பாவும் அங்கேதான் இருக்கிறார். அவர் தலைமாட்டுச் சிலுவையிலும் ஜோசப் மட்டும்தான். போய்ப் பார்த்துவிட்டேன்.

தரையில் போட்டோக்கள் கிடந்தபோது பக்கத்து வீட்டுப் பாக்கியம் அத்தை வந்தாள். "ஏல, என்ன இது, மொட்டைக் கண்காட்சி?" என்று சிரித்தாள். நீ மாதாவிடம் எத்தனை வருஷத்துக்கு நேர்ந்துகொண்டாய் என்று கேட்டேன். அவள் சிரிப்பு நின்றது.

"நேர்ச்சையா? ஒங்கம்ம ஒரு நேர்ச்சையும் நேரல. மொதல்ல ஒன்னய மாட்டுங்கால ஒரு ஸ்கூல்ல சேக்கப் போனா. ஒங்கப்பன் முழுப்பேரு, ஊரு, தேசம் எல்லாம் எழுதிக் குடுத்தா. வெளிநாட்டுக்காரன் புள்ளைக்கு அந்தக் காயிதம் கொண்டா, இந்தக் காயிதம் கொண்டான்னு ஒரு மாசம் அலைய விட்டானுவ. கடைசில சீட்டு இல்லைன்னுட்டானுவ. வெளிய வரும்போது பிள்ளைக எல்லாம் ஒன் சுருட்ட முடியத் தொட்டுப் பாத்து ஹப்ஷி, ஹப்ஷின்னு, ஆப்பிரிக்காக்காரன்னு கேலியா கத்துச்சுவ. மறுநா சலூனுக்குக் கூட்டிட்டுப் போனா. அதுக்குப் பெறவு இங்கன ஸ்கூல்ல வெறும் ஜோசப்பு."

இதை ஏன் எனக்குச் சொல்லவில்லை அம்மா? அந்த ஸ்கூல்மேல் வர வேண்டிய கோபத்தை இத்தனை வருஷமாக உன்மேல் காட்டியிருக்கிறேன். இப்போது அதன்மேலும் உன்மேலும் இருக்கிறது. ஒரு தடவை உண்மையை எழுதி அடிபட்டாய், சரி. அதற்காக என்னிடமும் மறைப்பதா? நான் ஸ்கூல் கிளார்க்கா?

"அத்தை, அப்பா எந்த இனம்னு அம்மா ஒங்ககிட்டயாவது சொல்லிச்சா?"

"இல்லல." கொஞ்சம் யோசித்தாள். "ஒனக்குக் காய்ச்ச வந்தா வெள்ளச் சோளமாவுல கெட்டியா ஒரு களி கிண்டுவால்லா, கீரையோட. காய்ச்சக்காரப் பிள்ளைக்குக் கஞ்சி குடுக்காம எவளாவது இதக் குடுப்பாளாட்டின்னு கேட்டேன். இது அவுக சாப்பாடு, இவனுக்கும் தெரியட்டும்னா."

உன் ஊர்த் திருநெல்வேலிச் சமையல் என்றல்லவா நினைத்திருந்தேன்! பிய்த்து உருட்டி, கட்டைவிரலால் குழி பண்ணிக் கீரையை அள்ளச் சொல்லிக்கொடுத்தாய். எனக்குத் தெரியட்டும் என்றால் வாயைத் திறந்து சொல்வதுதானே? தட்டில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டால் நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

வெள்ளிக்கிழமை கடைசி நாள். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்தேன். 'இந்தியர்' என்று ஒரு கிளிக்கில் முடித்திருக்கலாம். பொய்யும் இல்லை. 'சொல்ல விரும்பவில்லை' அதைவிடச் சுலபம். செய்யவில்லை. வெற்றுக் கட்டத்தில் ஆங்கிலத்தில் அடித்தேன்: அம்மா மும்பைத் தமிழ், அப்பா கென்யா, அவர் எந்த இனம் என்று எனக்குச் சொல்லப்படவில்லை. கட்டம் சிவப்பாகிவிட்டது. ஐம்பது எழுத்துக்கு மேல் ஏற்காதாம். ஊரைச் சுருக்கிப் பார்த்தேன், அப்போதும் சிவப்பு. கடைசித் துண்டை அழித்தேன். பச்சையானது. அனுப்பிவிட்டேன்.

அழித்த துண்டு அவர்களுக்கான புகார் இல்லை. உனக்கானது. அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

பதில் வந்தால் இன்டர்வியூ இருக்கும். உன் அப்பாவைப் பற்றிச் சொல் என்று யாராவது கேட்டால் என்னிடம் ஊர் இல்லை, பாஷை இல்லை, முழுப் பெயர் இல்லை. அவர் சாப்பாட்டை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று மட்டும் என் கைக்குத் தெரியும்.