வேலியடிக் கதிரை

05.09.1982, ஞாயிறு
அக்கா வீட்டில் தொலைக்காட்சி! அவளின் மகன், என் பெறாமகன் குலசிங்கம் சவுதியிலிருந்து கொண்டுவந்திருக்கிறான். கார் பற்றரியில் ஓடுகிறதாம். நாரந்தனையில் பாதிச் சனம் அங்கே முற்றத்தில்.

நான் போவேனா? ஆறு வருடமாகப் பேச்சுப் பறைச்சல் இல்லை. வேலி அடைக்கையில் அத்தான் கதியாலை ஒரு முழம் என் வளவுக்குள் தள்ளி நட்டார். நானும் அக்காவும் குனிந்து போய்வந்த வேலிப்பொட்டை நான் ஓலை வைத்து அடைத்தேன். அத்தான் மோசம் போன செத்தவீட்டுக்கும் தெருவால் போய்த் தெருவால்தான் வந்தேன்.

ஏழு மணிக்கு ஒரு நாடகம். என் குசினி வரைக்கும் சத்தம். எடுப்பு, காசுத் திமிர், வேறென்ன!

12.09.1982
சட்டி கழுவப் போனவள் வேலியடியில் நின்றுவிட்டேன். நாடகத்தில் நாகம்மா என்று ஒரு தாய், பாயும் படுக்கையுமாகக் கிடக்கிறாள். மகன் செல்வம், சரியான பேயன். மருமகள் தேவகி அழுதே காரியம் பார்க்கிறவள். முகம் ஒன்றும் தெரியாது, குரல்தான். செல்வத்துக்குக் கட்டாயம் வண்டி இருக்கும், பானை மாதிரி வயிறு. வண்டி இல்லாமல் அப்படி ஒரு குரல் வர ஏலாது.

19.09.1982
இன்று சத்தம் இன்னும் கூட. பெட்டியை யன்னலடிக்கு இழுத்து வைத்திருக்கிறார்கள் போல. வெளிநாட்டுக் காசு வந்தால் ஊருக்கெல்லாம் கேட்க வேண்டும்தானே. ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

20.09.1982
வீட்டு உறுதியைத் தன் பெயருக்கு மாற்றச் சொல்லிச் செல்வம் நிற்கிறான். குடாதை நாகம்மா, குடாதை! நாலாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கையிலும் இதே யோசனை. ஐம்பது வயதில் எனக்கு இது தேவையா?

03.10.1982
நுளம்பு பிடுங்கித் தின்கிறது. இருந்து கேட்கக் கதிரையைக் கொண்டுபோய் வேலியடியில் போட்டுவிட்டேன். வெட்கம் கெட்ட சீவியம்.

17.10.1982
காலையில் அக்காவைக் காரில் ஏற்றிப் போனார்களாம், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்கு. வயிற்றில் கட்டி. கடைக்கார இளையதம்பி சொல்லித்தான் தெரியும். பக்கத்து வளவில் இருந்துகொண்டு கடையில் கேட்டு அறிகிறேன்.

ஏழு மணிக்கு நாடகம் போட்டார்கள். அதே சத்தம். தாய் அங்கே கிடக்கிறாள், பிள்ளைகளுக்கு நாடகம்! மனுசரோ இதுகள்?

நானும் கதிரையில்தான் இருந்தேன். அதையும் எழுதத்தானே வேண்டும்.

24.10.1982
பொறுக்க ஏலாமல் வேலிக்கு மேலால் கத்திவிட்டேன். "கொம்மா ஆஸ்பத்திரியிலை கிடக்கிறா, உங்களுக்கு என்ன கூத்து?"

உடனே சத்தம் நின்றது. பெறாமகள் தவமலர் வேலியடிக்கு வந்தாள். "அம்மாதான் சொல்லிப்போட்டுப் போனவ, சின்னம்மா. ஞாயிற்றுக்கிழமையிலை நிப்பாட்டிப்போடாதையுங்கோ, சத்தத்தையும் குறைக்காதையுங்கோ, மீனா வேலியடியிலை இருப்பாள் எண்டு. பெட்டியை யன்னலடியிலை வைப்பிச்சதும் அவதான்."

எவ்வளவு பேசினேன் அக்காவை. எடுப்பு என்றேன். ஐயோ, எடுப்பு என்றேனே.

31.10.1982
நாகம்மா செத்துவிட்டாள். உறுதியைக் கொடுத்த அடுத்த நாளே.

02.11.1982, செவ்வாய்
பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போனேன். பண்ணைப் பாலம் முழுக்க என்ன சொல்லி வாய் திறப்பது என்றே யோசனை. அக்கா பாதியாகிப் போனாள். கட்டிலோடு ஒட்டிக் கிடந்தாள். தவமலர் பக்கத்தில்.

அக்காவே தொடங்கினாள். "நாகம்மாவுக்கு என்ன நடந்தது? சொல்லு பாப்பம்."

ஆறு வருடத்துக்குப் பிறகு முதல் பேச்சு இது. நான் எப்படிச் சொல்லுவேன்? "எழும்பி நடக்கிறா அக்கா. உறுதியும் குடுக்கேல்லை" என்றேன்.

அக்கா சிரித்தாள். "அவ போய்ச் சேந்திட்டா எண்டு தவம் சொல்லிப்போட்டாள். உனக்குச் சின்னனிலையும் பொய் சொல்லத் தெரியாது." பிறகு என் கையைப் பிடித்தாள். "பரவாயில்லை, நீ சொன்ன மாதிரியே இருக்கட்டும். எழும்பி எங்கை போறா?"

"தங்கச்சி வீட்டை."

"தெருவாலையோ?"

"இல்லை அக்கா. வேலிப்பொட்டாலை."

இரண்டு பேரும் அழுதோம். தவமலரும் அழுதாள்.

வந்தவுடன் கத்தியை எடுத்து அடைப்பை வெட்டினேன். தெருவில் போன கந்தையா, "நான் வெட்டித் தாறன் ரீச்சர்" என்று வந்தான். விடவில்லை. நான் அடைத்தது, நான்தான் திறக்க வேண்டும்.

09.11.1982
இன்றும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எங்கள் கதையில் நாகம்மாவும் தங்கச்சியும் தேர் பார்க்கப் போகிறார்கள். நாகம்மாவுக்கு வடை போதாதாம், மோதகமும் வாங்கிக் கொடுக்கச் சொன்னாள் அக்கா. வாங்கிக் கொடுத்தேன்.

18.11.1982, வியாழன்
விடியற்காலை அக்கா போய்விட்டாள்.

19.11.1982
சவம் எடுத்தாகிவிட்டது. பொட்டால் போய்ப் பொட்டால் வந்தேன். அவள் வரவில்லை.

28.11.1982, ஞாயிறு
இன்றைக்கு நாடகம் முடிகிறதாம். முப்பத்தோராம் நாள் சடங்கு கழியும் வரை அக்கா வீட்டில் பெட்டி போடமாட்டார்கள். வெள்ளைத் துணியால் மூடிக் கிடக்கிறது. வேலியடிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் அதற்கு முன்னால் போட்டு இருந்தேன்.

செல்வத்துக்கு வண்டி இருக்கிறதா என்று தவமலரைக் கேட்டேன். இல்லையாம், ஈர்க்கு மாதிரி மெலிந்தவனாம்.

ஏழு அடித்தது. தவமலர் வந்து என் காலடியில் இருந்தாள்.

"தேருக்குப் போனவையெல்லே, சின்னம்மா. பிறகு?"

சொல்லத் தொடங்கினேன்.